மடக்க வேண்டாம் என்று சொன்னவர்

எங்கள் வக்கீல் அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு நடைவாத்தியார் என்று பெயர் வைத்தவள் நான்தான். வைத்த அன்று அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "வாத்தியார் ஆயிட்டேன்ல, சம்பளத்தை ஏத்தச் சொல்லு" என்று என்னையே வக்கீலிடம் தூது விட்டார். இப்போது அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை.

சாலை விபத்து வழக்குகளை மட்டும் நடத்தும் அலுவலகம் அது. அதிலும் முக்கால்வாசி மோட்டார் சைக்கிள். மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையில் வக்கீல், முன்னறையில் நான் டைப் அடிக்கும் மேசை, அதற்கு மூன்றடி தள்ளிக் குமாஸ்தாவின் மேசை. கோப்புகள் வைக்கும் பீரோவிலிருந்து கை கழுவும் தொட்டிவரை சுவரோரமாகப் பதினோரு அடி இடம் காலியாகக் கிடக்கும். அடிபட்டவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போவதற்கு முந்தின நாள், குமாஸ்தா அவர்களை அந்தப் பதினோரு அடியில் நடக்க விடுவார்.

"கம்பை நல்ல கால் பக்கம் பிடிங்க தம்பி. கெட்ட கால் பக்கம் பிடிக்கிறவன் பொய்யா நொண்டுறான்னு ஜட்ஜம்மாவுக்குத் தெரியும். அவங்க இருபது வருஷமா நொண்டுறவங்களை மட்டும்தான் பாத்துட்டிருக்காங்க" என்பார். சாட்சிக் கூண்டில் ஏறும் இரண்டு படிகளுக்கும் பாடம் உண்டு. "முதல் படியில நின்னு ஒரு மூச்சு விடுங்க. ரெண்டு மூச்சு விட்டா நாடகம் ஆயிடும்."

அவரைப் பித்தலாட்டக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். லாரி மோதி இடுப்பு உடைந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவர். வழக்கு நாளன்று முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்துபோய்க் கூண்டில் ஏறினாராம். "பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்காரே, இவருக்கா இழப்பீடு?" என்று எதிர் வக்கீல் கேட்க, நீதிமன்றமே சிரித்திருக்கிறது. கிடைத்த தொகை மருந்துச் செலவுக்கே பற்றவில்லை. அந்த அண்ணன் சாகும்வரை தம்பி வீட்டுச் சாப்பாடுதான். "மானத்தோட நடந்தான், மண்ணாப் போனான்" என்று குமாஸ்தா அடிக்கடி சொல்வார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அவருடைய பாடத்தைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நானும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் குறைத்துச் சொல்வார்கள், நாங்கள் கூட்டிச் சொல்வோம், நடுவில் எங்கேயாவது நியாயம் நிற்கும் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

தீர்ப்பு வந்த மறுநாள் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் வருவார். குமாஸ்தா எழுந்து நின்று, "இனிமே நடை உங்க இஷ்டம்" என்பார். வந்தவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பதினோரு அடியையும் தன் சொந்த நடையில் நடந்து காட்டுவார். நாங்கள் கைதட்டுவோம். அப்படி விட்டுப்போன கம்புகள் பீரோவுக்குப் பின்னால் ஏழெட்டு இருந்தன. ஒன்றில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடை அடித்தேன்.

இந்த லட்சணத்தில் நாங்கள் இருந்தபோதுதான் டைல்ஸ்காரர் வந்தார்.

நாற்பது வயது. வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கும் வேலை. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஒரு சரக்கு வேன் சிக்னல் போடாமல் குறுக்கே திரும்பியிருக்கிறது. இடது முட்டிக்குக் கீழே எலும்பு மூன்று துண்டு. பிளேட் வைத்து எட்டு ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். வண்டியில் தொங்கிய பையில் இருந்த, தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்துக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லையாம். "அது உடைஞ்சு கால் தப்பிச்சிருந்தா, கடையில புதுசு வாங்கியிருப்பேன்" என்று சொல்லி அவரே சிரித்தார். இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்து மாடி ஏறி வந்த களைப்பில் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

டைல்ஸ் போடுகிறவருக்குக் கையைவிட முட்டிதான் முக்கியம். காலையிலிருந்து சாயங்காலம்வரை குந்திய வாக்கிலேயே பின்னால் நகர்ந்துகொண்டே போகவேண்டும். இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே மனுவை அடித்து வைத்திருந்தேன். எங்கள் எல்லா மனுக்களிலும் ஏழாவது பத்தி ஒன்றுதான்: 'மனுதாரரால் இனி தரையில் அமரவோ, குந்தவோ, முழங்காலை மடக்கவோ நிரந்தரமாக இயலாது.' வலது, இடது மட்டும் மாற்றுவேன். விபத்து நடந்து ஐந்து வாரம்கூட ஆகாத ஒரு மனிதருக்கு 'நிரந்தரமாக' என்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

குமாஸ்தா அவரிடம் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னாரு?"

"அடுத்த வாரத்துலேருந்து முட்டிய மடக்கிப் பழகணும்னாரு சார். பிசியோதெரபிக்கு எழுதிக் குடுத்திருக்காரு. வலிக்கும், வலிச்சாலும் விடாதன்னாரு."

குமாஸ்தா காலண்டரைப் புரட்டினார். மூன்று டாக்டர்கள் கொண்ட மெடிக்கல் போர்டு முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து, ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதித் தரவேண்டும். இழப்பீடு அதைப் பொறுத்தது. எங்களுக்குக் கிடைத்திருந்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"அப்படின்னா இப்போதைக்கு மடக்க வேண்டாம்" என்றார். "மூணே வாரம். போர்டு அளந்து எழுதிட்டாங்கன்னா அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சிருங்க. அதுக்குள்ள முந்திரிக்கொட்டை மாதிரி நல்லா மடக்கிக் காமிச்சீங்கன்னா, இவருக்கு ஒண்ணுமே இல்லன்னு எழுதிடுவாங்க."

"டாக்டர் திட்டுவாரே சார்."

"வலிக்குதுன்னு சொல்லுங்க. வலிக்கத்தானே செய்யுது?"

மூன்றடி தள்ளி உட்கார்ந்து நான் இதைக் கேட்டேன். மற்றவர்களுக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், வீட்டில் இஷ்டத்துக்கு மடக்கிக்கொண்டு, போர்டில் மட்டும் மடக்காமல் இருப்பார்கள். பாதிப் பேச்சைக் கேட்டுப் பாதியைக் காற்றில் விடுவதுதானே மனித சுபாவம். டைல்ஸ்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு நூல் பிசகினாலும் பதித்த ஓட்டைப் பெயர்த்துப் போடுகிறவர். டைல்ஸ் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தன்னுடைய நீளமான மரக்கோலை இரண்டாக அறுத்து, ஒரு துண்டைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். தூக்கத்தில்கூட மடங்கிவிடக் கூடாதாம்.

மூன்று வாரம் கழித்து போர்டு டாக்டர் ஒருவர் விடுப்பில் போனார். தேதி ஒரு மாதம் தள்ளிப்போனது. பிறகு எக்ஸ்ரே படம் காணாமல்போய்த் திரும்பக் கிடைத்தது. பிறகு, தங்கள் தரப்பு டாக்டரும் கூட இருக்கவேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனி மனு போட்டது. பிறகு அந்த போர்டின் காலமே முடிந்துபோய், புது போர்டு அமைக்க ஐந்து மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் குமாஸ்தா போன் செய்து, "இன்னும் கொஞ்ச நாள் தம்பி, பல்லைக் கடிச்சிக்கோங்க" என்றார். அந்தப் பக்கமிருந்து ஒரே பதில்தான் வரும்: "சரிங்க சார்."

இதற்கிடையில், விபத்து நடந்த நாலாவது மாதத்தில் ஒரு மதியம் போன் அடித்தது. எடுத்தது நான். டைல்ஸ்காரரின் மனைவி.

"அக்கா, பிசியோதெரபி அம்மா ஏன் வரலன்னு ஆள் அனுப்பிட்டாங்க. இன்னும் தள்ளிப்போட்டா முட்டி இறுகிடுமாம். அப்புறம் என்ன பண்ணாலும் வராதாம். இவரு நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா."

குமாஸ்தா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்போதுதான் முதல் வாய் வைத்திருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "டைல்ஸ்காரர் வீட்டுல தேதி கேக்குறாங்க" என்றேன். வாயில் சோற்றோடு மூன்று விரலைக் காட்டினார். "மூணு வாரம்தானாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இறுகிடும் என்ற சொல்லை அவரிடம் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டு முடித்த பிறகும் சொல்லவில்லை. அடிக்க வேண்டிய மனு ஒன்று பாதியில் நின்றிருந்தது, அதை முடித்தேன்.

விபத்து நடந்து பதினாலு மாதம் கழித்து போர்டு கூடியது. கோணம் பார்க்கும் பிளாஸ்டிக் கருவியை முட்டியில் வைத்து டாக்டர் அழுத்தினார். அழுத்தி, நிமிர்ந்து பார்த்து, மறுபடி அழுத்தினார். பதினைந்து டிகிரி.

"ஏம்பா, பிசியோதெரபிக்கே போகலையா?"

டைல்ஸ்காரர் வாசலில் நின்ற குமாஸ்தாவைப் பார்த்தார். பாடம் ஒப்பிப்பதுபோல, "வலிச்சுது சார்" என்றார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். இதைக் குமாஸ்தா என்னிடம் வந்து சொன்னபோது பெருமையாகத்தான் சொன்னார். "புள்ள அசையலயே!" என்றார். இன்சூரன்ஸ்காரர்கள் மறுபடி அளக்கச் சொல்லலாம் என்று, தீர்ப்பு வரும்வரை மடக்க வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் அலுவலகம் ஒரு காலுக்கு வாங்கியதிலேயே பெரிய தொகை அது. தீர்ப்பு வந்த மறுநாள் டைல்ஸ்காரர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். வக்கீலே உள்ளறையை விட்டு வெளியே வந்து நின்றார். குமாஸ்தா எழுந்து, "இனிமே நடை உங்க இஷ்டம்" என்றார்.

டைல்ஸ்காரர் கம்பைச் சுவரில் சாய்த்தார். பீரோ பக்கத்திலிருந்து கிளம்பினார். இடது கால் விறைப்பாக வெளிப்பக்கம் ஒரு வளையம் போட்டுவிட்டு முன்னால் வந்தது. மறுபடி ஒரு வளையம்.

"போதும் தம்பி, கேஸ் முடிஞ்சிருச்சு. சும்மா நடங்க" என்று குமாஸ்தா சிரித்தார்.

"சும்மாதான் சார் நடக்குறேன்."

கைதட்டத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தொட்டிவரை போய்த் திரும்பி வந்தார். "இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து மடக்க ஆரம்பிக்கலாம்ல சார்?" என்று கேட்டார். அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டார். குமாஸ்தா, "ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த ஐந்து மாதம் வாரத்துக்கு மூன்று நாள் குமாஸ்தாவே அவரை ஆட்டோவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனார். அந்த அறையிலிருந்து வரும் அலறல் வாசல்வரை கேட்குமாம். பதினைந்து டிகிரி முப்பது ஆனது. அங்கேயே நின்றது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், "முதல் ஆறு மாசத்துல வந்திருந்தா இவரை நான் ஓட விட்டிருப்பேன். இப்ப உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. மறுபடி திறந்து பாக்கலாம், ஆனா வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றிருக்கிறார். அன்று அலுவலகத்துக்கு வந்த குமாஸ்தா தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தீர்ந்துவிடும் என்று நான்தான் குழாயை மூடினேன்.

"நான் கெடுத்துட்டேன் தங்கச்சி" என்றார்.

"வேன்காரன் கெடுத்தான்" என்றேன். யாருக்காக அப்படிச் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

டைல்ஸ்காரரும் அப்படித்தான் நம்பினார். டாக்டர் சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை. ஆனால் குமாஸ்தாமேல் இருந்த மரியாதையில் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்துக்கொண்டார். "அந்த வேன்காரன் ஒடிச்ச ஒடி அப்படி சார். நீங்க மட்டும் இல்லன்னா என் குடும்பம் தெருவுல நின்னிருக்கும்." வந்த பணத்தில் வீட்டின் கீழ்ப் பகுதியில் டைல்ஸ் கடை வைத்தார். வருகிறவர்கள் எல்லோரிடமும் குமாஸ்தாவின் புகழ்தான். அவரால் எங்களுக்கு நாலைந்து வழக்குகள்கூட வந்தன. அந்தக் கோப்புகளைத் தொடும்போதெல்லாம் குமாஸ்தா சுடுபாத்திரத்தைத் தொட்டவர்போல விரலை உதறுவார்.

அதன்பிறகு அவர் யாருக்கும் நடை சொல்லிக் கொடுக்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் இருந்த கம்புகளையெல்லாம் ஒரு நாள் கட்டி எடுத்துக்கொண்டுபோய் எங்கோ போட்டுவிட்டு வந்தார். வருகிறவர்களிடம், "மடக்குங்க, வலிச்சாலும் மடக்குங்க. போர்டு கிடக்குது" என்பார். வக்கீலுக்குக் கோபம் வந்தது. "நீ என்ன டாக்டரா? யார் பக்கம் வேலை பாக்குற?" என்று சத்தம் போட்டார். குமாஸ்தா எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல நின்றார்.

ஆனால் டைல்ஸ்காரரிடம் மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. "சொல்லிடுங்களேன் அண்ணே" என்று நானே ஒருமுறை சொன்னேன். "அடுத்த வாரம் போறேன்" என்றார். அடுத்த வாரம் வந்ததும் அதற்கு அடுத்த வாரம். ஊருக்கெல்லாம் வாய்தா வாங்கிக் கொடுத்தவர் தனக்கும் வாங்கிக்கொண்டார். இரண்டு வருடம் ஓடியது. என் பங்குக்கு நான் வாய்தாகூடக் கேட்கவில்லை. என்மேல்தான் வழக்கே இல்லையே.

போன மாதத்துக்கு முந்தின மாதம், ஒரு சனிக்கிழமை காலை டைல்ஸ்காரர் போன் செய்தார். குமாஸ்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது.

"சார், என் மச்சினி ஸ்கூட்டர்ல போறப்ப கார்க்காரன் இடிச்சிட்டான். வலது முழங்கை. ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆச்சு. கேஸை நீங்கதான் பாக்கணும்."

"மடக்கச் சொன்னாங்களா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"டாக்டர் சொன்னாராம். நான் விடுவேனா? நமக்குத்தான் விவரம் தெரியுமே. என் கால்ல கட்டியிருந்தேன்ல, அதே கோல்! எடுத்து வச்சிருந்தேன். அதை அவ கையில கட்டிவிட்டாச்சு. போர்டு தேதி மட்டும் வாங்கிக் குடுங்க, எவ்வளவு நாளானாலும் நாங்க பொறுத்துக்குவோம்."

குமாஸ்தா போனை வைத்துவிட்டார். சட்டைப் பையில் இருந்த பேனா கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் எழுந்தார். "இதைப் போன்ல சொல்ல முடியாது. நீயும் வா" என்றார். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. தனியாகப் போனால் வாசலோடு திரும்பிவிடுவோம் என்று பயந்திருப்பார்.

கடைக்குப் பின்னால் வீடு. டைல்ஸ்காரர் ஓர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கால் அறையின் நடுவில் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் பார்க்காமலேயே அதைச் சுற்றி நடக்கப் பழகியிருந்தார்கள். தரையில் புது டைல்ஸ். வாசலருகே ஓர் ஓடு மட்டும் ஒரு நூல் தூக்கியிருந்தது, என் செருப்பு தட்டியது. "வேற ஆள் போட்டது" என்றார் வெட்கத்தோடு. "பெயர்த்துப் போடணும்னு தினமும் நினைக்கிறேன். குனிய முடியல."

மச்சினி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை. வலது கை தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டுவரை அந்தக் கோலோடு சேர்த்து இறுகக் கட்டப்பட்டிருந்தது. கோலில் அவர் பென்சிலால் போட்டிருந்த பழைய அளவுக் கோடுகள் இன்னும் தெரிந்தன.

குமாஸ்தா யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் அவள் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"சார், என்ன பண்றீங்க? போர்டுக்கு முன்னாடி அவிழ்க்கக் கூடாதே!"

"அவிழ்க்கணும் தம்பி. இன்னைக்கே மடக்கணும்." முடிச்சு வழுக்கியது. தலையைத் தூக்காமலேயே பேசினார். "உங்க கால் வேன் இடிச்சதால இப்படி ஆகல. வேன்காரன் எலும்பைத்தான் ஒடிச்சான். அது ஒட்டிக்கிச்சு. முட்டி மடங்காமப் போனது என்னால. நான் மடக்க வேண்டாம்னு சொன்னதால. டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தா நீங்க இன்னைக்கு..." கோலை உருவித் தரையில் வைத்தார்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்து கதவோரம் நின்றாள். கடையில் யாரோ, "யாருப்பா உள்ள?" என்று கூப்பிட்டார்கள். ஒருவரும் போகவில்லை.

"குந்தியிருப்பேனா?" என்றார் டைல்ஸ்காரர்.

"குந்தியிருப்பீங்க."

"வேலைக்குப் போயிருப்பேனா?"

"போயிருப்பீங்க."

"அப்ப உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியாது. தெரிஞ்சிருக்கணும்."

அப்போது மனைவி பேசினாள். சத்தமாகக்கூட இல்லை. "தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? நான்தான் போன் பண்ணிச் சொன்னேனே. முட்டி இறுகிடும், அப்புறம் வராதுன்னு சொன்னாங்கன்னு. அக்காதானே எடுத்தாங்க?"

குமாஸ்தா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, புரியவில்லை, அவ்வளவுதான். ஒரு பொய் சொல்லித் தப்பிக்க எனக்கு இடம் இருந்தது. 'நான் அவர்கிட்ட சொன்னேனே' என்றால் அவர் மறுத்திருக்க மாட்டார்; இருக்கிற பழியோடு அதையும் சேர்த்துச் சுமந்திருப்பார். அது தெரிந்திருந்ததால்தான் உண்மையைச் சொன்னேன்.

"நான் அவர்கிட்ட சொல்லல. தேதி கேக்குறாங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

டைல்ஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு எந்தக் கோர்ட்டுல மனு போடுறது சார்?" என்று கேட்டார். நக்கல்தான். ஆனால் குமாஸ்தாவுக்கு அது நக்கலாகப் படவில்லை.

"போடலாம் தம்பி. எம்மேல போடுங்க. மனுவை நானே எழுதித் தரேன்."

"போட்டா மடங்குமா?"

குமாஸ்தா இல்லை என்று தலையை ஆட்டினார். டைல்ஸ்காரர் மச்சினி பக்கம் திரும்பி, "மடக்கு" என்றார்.

"மாமா, வலிக்குது..."

"வலிக்கட்டும். மடக்கு!"

அவள் அழுதுகொண்டே மடக்கினாள். அக்காக்காரி ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை கொஞ்சம் அசைந்தது, நின்றது, இன்னும் கொஞ்சம் அசைந்தது. டைல்ஸ்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி, "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தக் கை இப்போது கழுத்தைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது, அடுத்த மாதம் அவள் கத்தரி பிடிக்கப் போகிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இழப்பீடு குறைச்சலாகத்தான் வரும். வக்கீல் இப்போதே புலம்புகிறார்.

குமாஸ்தா இன்னும் தரையில் குந்தியபடியே இருந்தார். டைல்ஸ்காரர் அவரைப் பார்த்தார். கோபமாகத் திட்டியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"எந்திரிங்க சார்" என்றார். "நீங்க அப்படிக் குந்தியிருக்கிறத என்னால பாக்க முடியல."

குமாஸ்தா எழுந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கை ஊன்றாமல், ஒரு முனகல்கூட இல்லாமல், இரண்டு முட்டியும் ஒழுங்காக வேலை செய்ய, சட்டென்று எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. அந்த நீட்டிய காலைச் சுற்றி நடந்து நாங்கள் வெளியே வந்தோம்.

பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். பஸ் ஒன்று வந்து நின்று போனது, நாங்கள் ஏறவில்லை. மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. என்னைத் திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"ஏன் தங்கச்சி சொல்லல?" என்று கடைசியில் கேட்டார்.

எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். பயம் என்றோ, மறந்துவிட்டேன் என்றோ, வக்கீல் கோபிப்பார் என்றோ சொல்ல ஆசையாக இருந்தது. எதுவும் நிஜமில்லை. நிஜம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க அண்ணே."